உஷார்! மலை விடுதி அறைக்குள் கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்

நண்பர்களோடு கார் எடுத்துக்கொண்டு கொடைக்கானல், ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று கிளம்பப் போகிறவர்களுக்கு அவசரமாக ஓர் எச்சரிக்கை. இரவு பார்பிக்யூ முடிந்ததும் அந்தக் கரி அடுப்பை அறைக்குள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் படுக்காதீர்கள். காலையில் எழுந்திருக்க மாட்டீர்கள். பயமுறுத்துவதற்காக மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இப்படி நடந்திருக்கிறது, ஒருமுறை அல்ல, பலமுறை.

மலைப் பயணம் என்றதும் நமக்கு வரும் பயங்கள் எல்லாம் சாலையைப் பற்றியவை. கொண்டை ஊசி வளைவு, இறக்கத்தில் சூடாகிப் பிடிக்காமல் போகும் பிரேக், எதிரே வரும் வண்டியை மறைக்கும் பனிமூட்டம், திடீரென்று குறுக்கே வந்து நிற்கும் காட்டுமாடு. வீட்டிலிருந்து வரும் போனும் இதைப் பற்றித்தான்: “மெதுவா போங்கப்பா, போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடு.” போய்ச் சேர்ந்து, சாவி வாங்கி, பையை இறக்கி, “வந்துட்டோம்மா” என்று சொல்லிவிட்டால் வீட்டிலும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. இந்த ஆபத்து அந்த நிம்மதிக்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. எல்லோரும் பத்திரம் என்று நினைத்துப் படுத்த பிறகு, பூட்டிய அறைக்குள், சத்தமில்லாமல்.

அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது, தொண்டை கரகரக்காது, இருமல் வராது.

நடந்ததைக் கேளுங்கள்

2024 ஆகஸ்ட். திருச்சியிலிருந்து நண்பர்கள் நால்வர் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்து தனியார் விடுதி ஒன்றில் தங்கினார்கள். இரவு கரி அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்டார்கள். குளிர் அதிகமாக இருந்ததால் அடுப்பு அறைக்குள்ளேயே இருந்தது. அந்த அறையில் படுத்த இருவர் காலையில் எழவில்லை. வேறு அறையில் படுத்தவர்கள் பிழைத்தார்கள். ஒரே விடுதி, ஒரே சாப்பாடு, ஒரே இரவு. எந்த அறையில் படுத்தார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

2020 ஜனவரி. கேரளத்திலிருந்து 15 பேர் கொண்ட நண்பர்களின் குடும்பங்கள் நேபாளம் சென்றிருந்தன. பொக்காராவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், இரவைக் கழிக்க தாமன் என்ற மலையூரில் இறங்கினார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். ஜனவரிக் குளிர் கேட்க வேண்டியதில்லை. வேறு அறைகள் இருந்தும் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தார்கள். அறையில் கேஸ் ஹீட்டர் எரிந்தது. கதவும் ஜன்னலும் உள்ளே தாழிட்டிருந்தன. மறுநாள் காலை கதவைத் தட்டியவர்களுக்குப் பதில் வரவில்லை. ஹெலிகாப்டரில் காத்மாண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் எட்டுப் பேரில் ஒருவரைக்கூடக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களில் நால்வர் குழந்தைகள். ஒரு குடும்பத்தின் மூத்த மகன் மட்டும் அன்றிரவு மற்றவர்களோடு வேறு அறையில் படுத்திருந்ததால் உயிரோடு ஊர் திரும்பினான்.

அந்த இரவில் யாரும் அசட்டுத் துணிச்சல் எதுவும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். பாறை விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கவில்லை, தடை செய்த அருவியில் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குக் குளிரக் கூடாதே என்று ஒன்றாகப் படுத்தார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

புகை அடங்கிய பிறகுதான் ஆபத்து

இங்கேதான் நம் அனுபவ அறிவு நம்மை ஏமாற்றுகிறது. புகை வந்தால் ஆபத்து, புகை அடங்கினால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் சிறுவயதிலிருந்து அடுப்படியில் பார்த்துப் பழகியிருக்கிறோம். கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் அது பொய்.

பார்பிக்யூ முடிந்து இரவு பதினொரு மணிக்கு அந்தச் சட்டியைப் பாருங்கள். கொழுப்பு சொட்டிய புகையெல்லாம் போயிருக்கும். மேலே வெள்ளைச் சாம்பல் மெல்லிசாகப் படிந்திருக்கும். ஊதினால் சாம்பல் பறந்து, அடியில் கங்கு செக்கச்செவேலென்று கனலும். கை நீட்டினால் சுகமான வெக்கை. “மச்சான், புகையே இல்லடா, உள்ள எடுத்துட்டு வா” என்று ஒருவர் சொல்ல, இருவர் பழைய துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கி வந்து கட்டிலுக்கு நடுவில் வைப்பார்கள். குளிர்காற்று வருகிறதென்று கதவிடுக்கில் துண்டைத் திணிப்பார்கள். அந்தத் துண்டோடு தப்பிக்கும் கடைசி வழியும் அடைபடுகிறது.

கரி முழுசாக எரிய நிறையக் காற்று வேண்டும். காற்று போதுமான அளவு கிடைத்தால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு கூடும். சாம்பல் மூடிய கங்கு என்பது காற்று குறைவாகக் கிடைத்து மெதுவாகக் கனன்றுகொண்டிருக்கும் கரி. சுடர் இல்லை, புகை இல்லை, விஷ வாயு மட்டும் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அறையும் அடைத்திருந்தால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். அது குறையக் குறைய விஷ வாயு இன்னும் கூடும். நேரம் ஆக ஆக அடுப்பு அணைகிறது என்று நாம் நினைக்கிறோம். அறையோ நேரம் ஆக ஆகக் கொல்லும் அறையாக மாறுகிறது.

ஏன் யாருமே விழித்துக்கொள்வதில்லை?

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். கார்பன் மோனாக்சைடு அதோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பேருந்தில் எல்லா சீட்டிலும் வேறு ஆட்கள் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தால் நாம் ஏற முடியுமா? அதே நிலைமைதான் ஆக்சிஜனுக்கு. நாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருப்போம், நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் போக வேண்டியது போகாது.

மூச்சுத் திணறினால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவோம் என்ற தைரியம் வேண்டாம். மூச்சு முட்டும் உணர்வு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்வதால் வருவது. கார்பன் மோனாக்சைடு அந்த அபாய மணியை அடிக்காது. தலை லேசாகக் கனக்கும், கை கால் தளரும், தூக்கம் ஆழமாகும். விழித்திருப்பவருக்கே எழுந்து கதவு வரை நடக்கத் தெம்பு இருக்காது. தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? அறைக் காற்றின் 10,000 பங்கில் 16 பங்கு இந்த வாயு கலந்தாலே 20 நிமிடத்தில் தலைவலியும் குமட்டலும் தொடங்கும். அப்படியே நீடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். அடைத்த சின்ன அறைக்குள் ஒரு சட்டிக் கரி இந்த அளவை எட்டுவது கஷ்டமே இல்லை.

மலையில் இன்னொரு பாதகமும் சேர்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். அங்கே நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஆக்சிஜன் குறைவு. ஏற்கெனவே குறைவாக வருவதையும் இந்த வாயு பறித்துக்கொள்கிறது. அதற்கு மேல் மது குடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். தள்ளாட்டம், வாந்தி, உளறல் எல்லாவற்றையும் போதையின் கணக்கில் எழுதிவிட்டு, “படுத்துத் தூங்கட்டும், காலையில சரியாயிடும்” என்று போர்த்திவிடுவார்கள்.

கரி அடுப்பு மட்டும் அல்ல

எரிகிற எதுவும் இந்த வாயுவைத் தரும். மலையூர்களில் நண்பர் கூட்டம் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை:

கேஸ் ஹீட்டர். சிலிண்டரில் ஓடும் ஹீட்டரை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. தாமனில் எட்டு உயிர்களை வாங்கியது அதுதான். சிலிண்டர் கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், ஏனென்றால் அதற்கென்றே வாசனைப் பொருள் கலக்கிறார்கள். அது எரிந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடுக்கு அந்த நாற்றம் கிடையாது.

கேஸ் கீசர். பல ஹோம்ஸ்டேக்களில் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறார்கள். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறை, உள்ளே தாழ்ப்பாள், குளிருக்குப் பயந்து நீண்ட நேரம் வெந்நீர்க் குளியல். ஒருவர் பின் ஒருவராக ஆறு பேர் குளிக்கும்போது ஆறாவது ஆள் உள்ளே போகிற நேரத்தில் அங்கே என்ன காற்று இருக்கும்? கீசர் வெளிச்சுவரில் இருந்து குழாய் மட்டும் உள்ளே வந்தால்தான் பாதுகாப்பு.

கணப்பு. பழைய பங்களாக்களில் சுவரோடு கட்டிய கணப்பைப் பார்த்ததும் ஆசை வரும். புகைபோக்கி அடைத்திருந்தால் அத்தனை வாயுவும் அறைக்குள்தான் திரும்பும். சுத்தம் செய்து பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்காமல் பற்றவைக்க வேண்டாம்.

டென்ட். மழைக்கும் காற்றுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிற டென்ட் என்றால் வாயுவையும் அது வெளியே விடாது. வாசலில் வைத்த அடுப்பைக்கூட “ஓரமா உள்ள இருக்கட்டும்” என்று நகர்த்தாதீர்கள்.

ஜெனரேட்டர். மலையில் கரண்ட் போவது சகஜம். ஜெனரேட்டர் உங்கள் ஜன்னலுக்குக் கீழே அல்லது வராந்தாவில் ஓடினால் உடனே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று தெரியவந்தது.

கார். அறை கிடைக்கவில்லை, வண்டியிலேயே ஒரு தூக்கம் போடலாம் என்று இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்காதீர்கள். மணாலி, லடாக், காஷ்மீர் என்று காரிலேயே போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் இப்போது நிறைய. பனி விழும் ஊரில் சைலன்சர் குழாயைப் பனி மூடினால் புகை காருக்குள்தான் வரும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையூருக்குப் பனி பார்க்கப் போனவர்கள் சாலையில் சிக்கி, கார்களுக்குள்ளேயே 20 பேருக்கு மேல் இறந்தார்கள். குளிரோடு இந்த வாயுவும் அங்கே காரணமாகச் சொல்லப்பட்டது.

இந்த நம்பிக்கைகளை இன்றே விட்டுவிடுங்கள்

“ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்.” போதாது. ஒரு விரற்கடை இடுக்கு வழியாக எவ்வளவு வாயு வெளியே போகும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. காற்று நின்றால் அதுவும் நின்றது.

“பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வாயுவை உறிஞ்சிவிடும்.” உறிஞ்சாது. இது தண்ணீரில் சரியாகக் கரையாத வாயு.

“மாஸ்க் போட்டுக்கொண்டு, ஈரத்துணி கட்டிக்கொண்டு படுக்கலாம்.” துணியும் மாஸ்க்கும் இதைத் தடுக்காது.

“ஆக்சிமீட்டர் கையில் இருக்கிறது, 98 காட்டுகிறது.” கொரோனாவுக்குப் பிறகு பலர் பையில் அந்தச் சின்னக் கருவியை வைத்திருக்கிறார்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் செத்துக்கொண்டிருக்கும்போதும் அது நல்ல எண்ணைக் காட்டலாம். நம்பாதீர்கள்.

“மலைவாசிகள் காலங்காலமாக நெருப்பு மூட்டிக் குளிர்காய்கிறார்களே.” அவர்கள் வீட்டுக் கூரையில் புகை போக வழி இருந்தது, சுவரில் இடுக்கு இருந்தது. நீங்கள் தங்கும் காட்டேஜில் காங்கிரீட் கூரை, அலுமினிய ஜன்னல், ரப்பர் பட்டை.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் ஒரு நொடி தாமதிக்காதீர்கள்

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வாந்தி, உடல் தளர்ச்சி, நெஞ்சு படபடப்பு, பேச்சில் குழப்பம். இதையெல்லாம் மலைப்பாதையின் வளைவு ஒத்துக்கொள்ளவில்லை, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடித்திருக்கிறது என்று தள்ளிவிடுவது சுலபம். வேறுபடுத்திப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ஒரே அறையில் இருக்கும் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே வந்து நின்றால் குறைகிறதா? இரண்டில் ஒன்றுக்கு “ஆமாம்” என்றாலும் சந்தேகப்படுங்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

எல்லோரையும் அறைக்கு வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். குளிரட்டும், பரவாயில்லை, போர்வையைச் சுற்றி வெளியே உட்காரவையுங்கள். அடுப்பைத் தூக்கவோ பையை எடுக்கவோ முதலில் நேரம் செலவிட வேண்டாம்.

உள்ளே யாராவது மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னல் முழுவதையும் திறந்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு போய் இழுத்து வாருங்கள். காப்பாற்றப் போனவரும் விழுந்த சம்பவங்கள் உண்டு. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் வெளியே நிற்க வேண்டும்.

108-க்கு அழையுங்கள். மலையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால் தயங்காமல் முதல் நிமிடமே அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவியைத் தெரிந்தவர் தொடங்கட்டும்.

மருத்துவமனையில் “கரி அடுப்பு அறைக்குள் இருந்தது”, “கேஸ் ஹீட்டர் எரிந்தது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மது குடித்ததை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விட்டால் சிகிச்சை திசைமாறும். சாதாரணக் காற்றில் இந்த வாயு ரத்தத்தில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மாஸ்க் மூலம் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். அதனால் “இப்போ தேவலை, ரூமுக்கே போயிடலாம்” என்று திரும்பாதீர்கள். தெளிந்து நடமாடியவர்களுக்கே சில நாள், சில வாரம் கழித்து ஞாபக மறதி, தடுமாற்றம் வருவதுண்டு. கர்ப்பிணி இருந்தால் அவருக்கு லேசான அறிகுறி என்றாலும் கட்டாயம் மருத்துவமனைதான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பாதிப்பு தாயைவிட அதிகம்.

குளிருக்கு என்னதான் செய்வது?

மலையூர் விடுதியில் அறை எடுக்கும்போதே கூடுதல் கம்பளி கேளுங்கள். மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்; அதில் எதுவும் எரிவதில்லை, அதனால் இந்த வாயு வராது. துணி பக்கத்தில் படாமல் வைத்தால் போதும். வெந்நீர்ப் பை, சாக்ஸ், குல்லா, ஸ்வெட்டர் இவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். பார்பிக்யூ போடுங்கள், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பேசுங்கள், எல்லாம் திறந்த வெளியில். முடிந்ததும் கங்கின் மேல் தண்ணீரை ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, முழுசாக அணைத்துவிட்டு அடுப்பை வெளியிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடிக்கடி மலையேறும் கூட்டம் என்றால் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது, உள்ளங்கையில் அடங்கும். யு.எல். 2034 அல்லது இ.என். 50291 தரக் குறியீடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படுக்கும் அறையில், தலைமாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அது சும்மா கத்துகிறது என்று நினைத்து பேட்டரியைக் கழற்றாதீர்கள், கத்தினால் வெளியேறுங்கள்.

விடுதி, ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று கேட்டதும் கரிச்சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைக்காதீர்கள். இரவு அடுப்பைத் திரும்ப வாங்கி அணைப்பதை உங்கள் பணியாளரின் வேலையாக்குங்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாற்றுங்கள். கதவின் உள்பக்கம் “அறைக்குள் கரி அடுப்பு வைத்தால் மரணம்” என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வாட்ச்மேனோ சமையல்காரரோ “உள்ள வைக்காதீங்க சார்” என்று சொன்னால், அவர் நம் ஜாலியைக் கெடுக்கவில்லை, உயிரைக் காக்கிறார். அந்த வார்த்தையைத் தட்டாதீர்கள்.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று வழியில் சோதிக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு உங்கள் அறைக்குள் என்ன இருக்கிறது என்று சோதிக்க எந்தச் சாவடியும் கிடையாது. அதைச் சோதிக்க உங்கள் கூட்டத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அடுத்த பயணத்துக்குத் திட்டம் போடும்போதே, வண்டி ஓட்டுவது யார் என்று முடிவு செய்வதைப் போல, இரவு அடுப்பை அணைத்து வெளியே வைப்பது யார் என்றும் முடிவு செய்யுங்கள். அவர் அன்று குடிக்காதவராக இருக்கட்டும். மற்றவர்கள் எவ்வளவு கிண்டல் செய்தாலும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்றே உங்கள் நண்பர் குழுவில் இதைச் சொல்லிவிடுங்கள்.